நாலு கிளாஸ் ஜிகர்தண்டா

மதுரையில் ஜிகர்தண்டா குடிக்கப் போகிறவர்கள் உட்கார இடம் தேடுவதில்லை. கீழமாரட் வீதியில், விளக்குத்தூண் முனையில், கூட்டம் நடைபாதையில் நின்றுகொண்டே குடிக்கும். ஜவுளிக்கடைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியை அணைக்காமல் ஒரு காலை ஊன்றியபடி என்று எப்படி வேண்டுமானாலும் குடிப்பார்கள். இரவு பத்து மணிக்கும் அந்த முனையில் ஆள் குறைவதில்லை.

அங்கே நாங்கள் நாலு பேரும் வருஷத்துக்கு ஒருமுறை நிற்கிறோம். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி, ஊர் கொஞ்சம் மூச்சுவிடும் நாளாகப் பார்த்து நாள் குறிப்போம். ஒருத்தி சென்னையிலிருந்து வருவாள், ஒருத்தி திண்டுக்கல்லிலிருந்து. நானும் இன்னொருத்தியும் உள்ளூர். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி இப்போது பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். எங்களுக்கு அவள் வாத்தியாரம்மா. ஒருத்தி நர்ஸ். மூன்றாமவள் காஜிமார் தெருவில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகிச் சென்னைக்குப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகியும் எங்கள் வாயில் காஜிமார்க்காரிதான்.

காசைக் கொடுத்ததும் கடைக்காரர் கை ஓடுவதைப் பார்க்க வேண்டும். கிளாஸின் அடியில் பாதாம் பிசின். அதன்மேல் நன்னாரி சர்பத். அப்புறம் சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால். மேலே ஐஸ்கிரீம். ஸ்பெஷல் என்றால் ஒரு கரண்டி பாசுந்தி கூடும். ஒரு கிளாஸுக்கு அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருக்கின்றன. அதற்கு வருகிறேன்.

முதலில், இந்த நடைபாதைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தூக்குவாளியில் வந்தது

எங்கள் வீட்டுக்கு ஜிகர்தண்டா தூக்குவாளியில்தான் வரும். அப்பா சம்பள நாளில் கையோடு வாளியை எடுத்துப் போவார். விளக்குத்தூணிலிருந்து டவுன் பஸ் பிடித்து, வைகையைத் தாண்டி, வீடு வந்து சேர முக்கால் மணி நேரம். சித்திரை, வைகாசி என்றால் 40 டிகிரி வெயில். வாளியைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருந்த இடம் தெரியாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து, பழுப்பு நிறத்தில் தண்ணீராக இருக்கும். அதை அம்மா டம்ளர்களில் ஊற்றுவாள். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு, தம்பிக்கு. கடைசியாக வாளியில் கொஞ்சம் பாலை விட்டு அலசி அவள் குடிப்பாள். "எனக்கு இது போதும்டா, ரொம்பத் தித்திப்பு ஆகாது" என்பாள். தித்திப்பு ஆகாதவள் கையில்தான் தீபாவளிக்கு அதிரசப் பாகு பதம் தவறாமல் வந்தது. பதம் பார்க்க நாக்கில் வைப்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும்.

அந்தக் காலத்துப் பெண்கள் வெளியில் சாப்பிடுவதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று பலகை போட்டு, திரை தொங்கவிட்ட தடுப்பு இருக்கும். கணவனோடோ அப்பாவோடோ போனால் அதற்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் ஜிகர்தண்டா கடையில் ஏது தடுப்பு? தெருவில் நின்று, நாலு பேர் பார்க்க, தலையைச் சாய்த்துக் குடிக்க வேண்டிய பண்டம் அது. வயசுப் பெண் அப்படி நிற்பதா என்றுதான் எந்த வீட்டிலும் கேட்டிருப்பார்கள். யாரும் தடை போட்டதாக ஞாபகம் இல்லை. தடை போடத் தேவையே இல்லாமல் இருந்தது.

1992-இல், முதலாண்டு முடியப் போகும் சமயம், நாங்கள் நாலு பேரும் ஒரு மாசம் பஸ் காசை மிச்சம் பிடித்தோம். கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலம் ஏறி, சிம்மக்கல் வழியாக நடந்தே போனோம். கடைக்கு எதிர்ச்சாரியில் கால்மணி நேரம் நின்றோம். யார் போய்க் கேட்பது என்று முடிவாகவில்லை. காஜிமார்க்காரிதான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவைத் தாண்டினாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை பாப்பா?" என்றார். "நாலு" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த நாலு கிளாஸை நாங்கள் எப்படிக் குடித்தோம் என்று கேட்டால் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வோம். எனக்கு நினைவில் நிற்பது ஐஸ்கிரீம். அது உருண்டையாக மிதந்தது. ஜிகர்தண்டாவில் ஐஸ்கிரீம் மிதக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழையும் முன்பே செய்தி வந்துவிட்டது. அப்பாவின் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்த வழியே போயிருக்கிறார். "உம் பொண்ணு ரோட்டுல நின்னு குடிச்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா அடுப்படியில் மெல்லக் கேட்டாள்: "நல்லா இருந்துச்சாடி?"

ஒரு ராத்திரி ஊறிய பிசின்

ஜிகர் என்றால் உருதுவில் ஈரல்; நெஞ்சையும் துணிச்சலையும்கூட அந்தச் சொல்லால் சொல்வார்கள். தண்டா என்றால் குளிர்ச்சி. ஈரக்குலை நடுங்குகிறது என்று பயத்துக்குச் சொல்கிறோமே, அதே ஈரக்குலை குளிர்வதற்கு ஒரு பானம். தமிழில் பெயர் வைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க முடியாது.

காஜிமார்க்காரிக்குக் கடைக்குப் போவதற்கு முன்பே இந்த ருசிகள் பாதி தெரியும். ரமலான் மாசத்தில் அவள் வீட்டில் நோன்புக் கஞ்சியோடு கடற்பாசி இருக்கும். பாலில் சர்க்கரை போட்டுக் கடற்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி வைத்தால் அது தானே உறையும். துண்டு போட்டு எடுத்து வருவாள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் கடற்பாசி உறைந்து நிற்கும் என்பது எங்களுக்கு அதிசயம். 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே அது இறுகிவிடும், திரும்ப இளக 85 டிகிரி வேண்டும் என்று வாத்தியாரம்மா பின்னால் விளக்கினாள். மதுரை வெயிலுக்கும் அசையாத இனிப்பு. அந்தக் கடற்பாசிக்கு மூலமான மரிக்கொழுந்துப் பாசியை, பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறித்து வருகிறார்கள். சில கடைகளில் ஜிகர்தண்டாவிலும் கடற்பாசித் துண்டுகள் விழும்.

ஆனால் ஜிகர்தண்டாவின் உயிர் பாதாம் பிசின். வாதுமை மரத்துப் பட்டையில் கசிந்து இறுகும் கோந்து அது. கீழமாசி வீதியில் மளிகை மண்டிகளுக்கு நடுவே இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால், தேன் நிறத்தில் கல் போலக் கொடுப்பார்கள். பல்லில் கடித்தால் பல்தான் போகும். நாலைந்து கல்லை எடுத்துக் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீரில் ராத்திரி போட்டு வைத்தால், காலையில் சொம்பு நிறையக் கண்ணாடிக் குழம்பு போல ஊதி நிற்கும். அதற்கென்று தனி ருசி எதுவும் கிடையாது. இனிப்பை ஏந்திக்கொண்டு தொண்டையில் மெதுவாக இறங்குவதுதான் அதன் வேலை. அவசரக்காரர்கள் வெந்நீரில் போட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடப் பார்ப்பார்கள். நடுவில் கல் கல்லாக நெருடும்.

பாலுக்கும் அதே கதைதான். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறிக் கிளறித் தண்ணீரை வற்றவைக்க வேண்டும். அடுப்பு வேகமாக எரிந்தால் பால் தீய்ந்த வாடை வந்துவிடும். மெதுவாகச் சுண்டச் சுண்டப் பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து, வெள்ளை மாறி, சந்தனம் மாதிரி ஒரு நிறம் ஏறும். நல்ல ஜிகர்தண்டாவின் நிறமும் வாசனையும் அங்கிருந்து வருகின்றன. சில கடைகளில் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்து நிறத்தை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்துவார்கள்.

ஐஸ்கிரீமையும் சொல்ல வேண்டும். மதுரையில் அதற்குப் 'பாய் ஐஸ்' என்று பெயர். மரத்தொட்டியில் ஐஸைக் கொட்டி, கல்லுப்பைத் தூவி, நடுவில் பால் டப்பாவை வைத்துக் கையால் சுற்றி எடுத்தது. உப்புப் பட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடப் பல டிகிரி கீழே இறங்கும். பால் உறைய அந்தக் குளிர் போதும். காற்றடைத்துப் பொங்கவைத்த ஐஸ்கிரீம் போல இல்லாமல், நாக்கில் மணல்மணலாகக் கரைந்து, பால்கோவாவை நினைவூட்டும்.

நன்னாரிக்கு வாத்தியாரம்மாதான் அதிகாரி. "நன்னாரி வேர்ல இருக்குற வாசனைப் பொருளும், வெனிலாவுல இருக்குற வெனிலினும் கூடப்பொறந்தவங்கடி" என்பாள். இரண்டிலும் எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். எண்ணிக்கையில் ஒன்று கூடக் குறைய இல்லை. எது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் வேறு. இதை அவள் வகுப்பில் சொல்லும்போது கரும்பலகையில் ஜிகர்தண்டா கிளாஸ் ஒன்று வரைவாளாம். நாங்கள் நாலு பேரும் நின்ற நடைபாதை ஒரு பள்ளிக்கூடத்துப் பலகை வரைக்கும் போயிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

முனையின் கதை

விளக்குத்தூண் என்பது உண்மையிலேயே ஒரு விளக்குத் தூண். 1840-களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. அந்த வேலையில் அளவெடுத்த மாரட்டின் பெயரும், ஆட்களை வைத்து வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வீதிகளாக நின்றுவிட்டன. அங்கே நாங்கள் நிற்கும் ஃபேமஸ் ஜிகர்தண்டா கடை 1977-இல் தொடங்கியது. 2014-இல் கார்த்திக் சுப்புராஜ் படத்துக்கு இந்தப் பெயரை வைத்தபிறகு, வெளியூர்ப் பிள்ளைகள் ரயிலிலிருந்து இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் இந்த முனையைத்தான் கேட்கிறார்கள்.

இன்று தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'மதுரை ஜிகர்தண்டா' என்று பெரிய எழுத்தில் பலகை தெரிகிறது. அவற்றில் பலவற்றை நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் பால் பவுடர் கரைசலில் ரோஸ் சிரப்பை ஊற்றி, மேலே செர்ரிப் பழம் வைத்துக் கொடுத்தார்கள். பிசின் ஊறியிருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது. எங்கே செய்தாலும் செய்யலாம், மதுரைத் தண்ணீரில்தான் வரும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் பால் சுண்ட வேண்டும், பிசின் ஊற வேண்டும். இந்த இரண்டுக்கும் பொறுமை இல்லாதவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். முதன்முதலாகக் குடிக்கும் ஒரு குழந்தை, இதுதான் ஜிகர்தண்டா என்று வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டு போய்விடும். அது அநியாயம்.

பாதி கிளாஸ்

ஆறு வருஷத்துக்கு முன் நர்ஸுக்குச் சர்க்கரை வந்தது. அந்த வருஷம் அவள் விளக்குத்தூணுக்கு வந்து, கைகட்டி, எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த வருஷம் சந்திப்பதையே விட்டுவிடலாமா என்றுகூடப் பேசினோம். அவள்தான் திட்டினாள். "நோய் எனக்கு. நீங்க ஏன்டி துக்கம் காக்குறீங்க?"

அவள் வார்டில் தினமும் பார்ப்பவள். கால் விரலை எடுத்தவர்களுக்குக் கட்டு மாற்றுகிறவள். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னபோது, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவள் அவள். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசலில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் போட்டாள். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். "காபி, டீன்னு குடிச்சே அதைக் காலி பண்ணிட்டு, அப்புறம் ஜிகர்தண்டா மேல பழி போடுறோம்" என்பது அவள் வாதம்.

டாக்டரிடம் பேசி அவளே ஒரு வழி வகுத்தாள். அந்த ஒரு நாள், காலையிலிருந்து வேறு இனிப்புக் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டில் சோறு கிடையாது. கடையில் போய், "தம்பி, சர்பத் கம்மியா, பிசின் கூட, ஐஸ்கிரீம் வேணாம்" என்பாள். அதிலும் பாதிதான். மீதியை நான் குடிக்க வேண்டும். பிறகு விளக்குத்தூணிலிருந்து மாசி வீதிகள் வழியாக ரயில் நிலையம் வரை நடக்க வேண்டும். அவளுக்காக எல்லாரும் நடக்க வேண்டும். எங்கள் இரவில் இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நடைதான். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதிக்கும். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டது. அந்த வாசனையை அவள் நின்று இழுத்துக்கொள்வாள், வாங்க மாட்டாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸில் காஜிமார்க்காரி சென்னைக்கு அல்வா கட்டிக்கொள்வாள். யாருக்கும் தெரியாமல் இலையில் சூடாக ஒரு வாய் வாங்கிப் போட்டுக்கொண்டு, நர்ஸ் முகத்தைப் பார்க்காமல் துடைத்துக்கொள்வாள். நர்ஸுக்குத் தெரியும்.

இந்த வருஷம்

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு 78. இந்தச் சித்திரையில் நான் புறப்படும்போது வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் போல, "வரும்போது எனக்கு வாளியில வாங்கிட்டு வா" என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். இந்த முறை அவள் எதுவும் சொல்லவில்லை. பூவைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க கூட்டத்துல நானும் வரட்டுமா?" என்றாள்.

ஆட்டோவில் கூட்டிப் போனோம். முனையில் இறங்கியதும் அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எதிர்ச்சாரியிலேயே நின்றுவிட்டாள். முப்பது வருஷத்துக்கு முன் நாங்கள் நின்ற அதே பக்கம். காஜிமார்க்காரி கையைப் பிடித்து, "வாங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று தெருவைத் தாண்டவைத்தாள். பக்கத்துத் துணிக்கடைப் பையன் கேட்காமலேயே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அம்மா அதில் உட்காரவில்லை. "எல்லாரும் நின்னுதானே குடிக்கிறாக" என்றாள்.

கடையில் கை ஓடிக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து, "எத்தனைம்மா?" என்றார். "அஞ்சு" என்றாள் நர்ஸ். "ஒண்ணுல ஐஸ்கிரீம் வேணாம். ஒண்ணு ஸ்பெஷல், அம்மாவுக்கு."

அம்மா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்காமல் உள்ளே பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடியில் பிசின், நடுவில் பால், மேலே உருண்டையாக நின்ற ஐஸ்கிரீம், அதன்மேல் வழிந்த பாசுந்தி. ஸ்பூனால் ஐஸ்கிரீமைத் தொட்டாள். அது உள்ளே போய்த் திரும்ப மேலே வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தவள், ரொம்ப நேரம் விழுங்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஏன்டி, இது இம்புட்டுக் கெட்டியாவா இருக்கும்?"